பாட்டில் இருக்கையில் ஓர் அமரர்

பட்டுக்கோட்டை,
ஞாயிறு தொடங்கி புதன் முடித்தது.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை காயாரோகணம் அவர்களுக்கு, வீரையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். இந்த முறை அதை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை என்பது உங்களுக்கே தெரியும். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். ‘ண’ போடும்போது கை மறந்துபோய் நாலாவது சுழிக்குப் போய்விடுகிறது. உங்கள் மகள் பெயரின் முதல் எழுத்து இன்னும் பாடத்தில் வரவில்லை. அதனால் மகள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவும்.

தங்கை ராமாயி என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நீங்கள் அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டவும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருபது வருடமாகக் குப்பை கொட்டிய இடத்தை நீங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறீர்கள். இப்போது அது பூங்கா. தெருக்காரர்கள் சேர்ந்து அங்கே கிடந்ததை வைத்தே கட்டினோம். டயர் ஊஞ்சலாயிற்று, உடைந்த கழிப்பறைப் பீங்கானில் செம்பருத்தி பூத்திருக்கிறது, தண்ணீர் பாட்டிலுக்குள் பால் கவர்களைக் குச்சியால் இடித்துத் திணித்தால் செங்கல் மாதிரி கெட்டியாகிவிடுகிறது, அதை அடுக்கிச் சிமெண்டு பூசினால் இருக்கை, அப்படி ஓர் இருக்கையை நான் ஒருவனே கட்டி முடித்ததால் அதில் என் பெயரை நானே எழுதலாம் என்று எங்கள் எழுத்து வகுப்பு டீச்சர் செவ்வந்தி சொன்னார்கள்.

வெறும் வீரையன் என்று எழுத மனம் வரவில்லை. படிக்க வந்த நாளிலிருந்து சுவரில் இருப்பதையெல்லாம் படிக்கிறேன். பெரிய மனிதர் படம் போட்ட சுவரொட்டிகளில் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று இருந்தது. அமர் என்றால் உட்கார் என்பது பாடத்தில் வந்தது. ஆக, மரியாதையாக உட்காருகிறவர் அமரர். இருக்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ‘அமரர் வீரையன்’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். ஒரு புள்ளிகூட விடவில்லை.

யாரோ அதைப் படம் எடுத்து உங்கள் மகளுக்கு அனுப்ப, நான் போனை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, பெயிண்டு காயும்வரை காவலாக இரவு பூங்காவிலேயே படுத்திருக்க, மறுநாள் காலை ராமாயி பதினோரு பேரோடு நீடாமங்கலத்திலிருந்து வேனில் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்து இன்னும் அழுது, நேரே பூங்காவுக்கு மாலையோடு ஓடிவந்தாள். இருக்கையில் நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

“ஏன் ஆயி அழுவுற? யாரு போனது?” என்றேன்.

“நீதாண்ணே!”

“நான் எங்க போனேன்? இங்கதானே உக்காந்திருக்கேன். எழுதியே வச்சிருக்கேன் பாரு.”

மாலையாலேயே என் தலையில் அடித்தாள். “நீ கைநாட்டாவே இருந்திருக்கலாம்! தெரு பூரா ஒப்பாரி வச்சுட்டு வந்திருக்கேன். இனிமே நெசமா செத்தாலும் வர மாட்டேன், போ!”

வேன் திரும்பிவிட்டது. செவ்வந்தி டீச்சர் சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னார்கள்.

மாப்பிள்ளை, வருகிற ஞாயிறு பூங்காத் திறப்பு. ரிப்பன் வெட்டுவதெல்லாம் இல்லை, ஆளுக்கொரு செடி வைக்கிறோம். ராமாயி கையால் வைக்கட்டும் என்று இளநீர்க் கூட்டில் ஒரு மாதுளங்கன்று வளர்த்திருக்கிறேன். எனக்கு மிச்சம் இருக்கும் கூடப்பிறப்பு அவள் ஒருத்திதான். அவள் வராவிட்டால் கன்று கூட்டிலேயே இருக்கட்டும், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். எப்படியாவது அழைத்து வாருங்கள். அமரர் என்பதைச் சுரண்டி எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும். அடுத்த வாரம் அந்த எழுத்து பாடத்தில் வருகிறதாம். வந்ததும் உங்கள் மகளுக்கு அவள் பெயர் போட்டே தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
வீரையன்

பின்குறிப்பு: சுரண்டிய இடம் மொட்டையாக இருந்தது. இனி யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று, சுவரொட்டிகளில் ‘வாழும்’ என்ற சொல் உள்ள வரியாகத் தேடிப் பிடித்து, டீச்சரைத் தொந்தரவு செய்யாமல் நானே எழுதிவிட்டேன்: ‘என்றும் நம் நினைவில் வாழும் வீரையன்’. ராமாயி வந்து பார்த்து மகிழட்டும் என்று, பக்கத்து இருக்கையில் அவள் பெயருக்கும் அதையே போட்டிருக்கிறேன்.