பிஸியாக இருந்த கீசர்

கீசரை எப்போது மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: மாமனார் குளிக்கப் போவதற்கு முந்தின நாள். இந்த ஞானம் எனக்கு ஒரு நாள் பிந்திக் கிடைத்தது.

நான் ஓசூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மெஷின் படுக்கும் முன்பே அறிகுறியைப் பார்த்துப் பாகத்தை மாற்றிவிட வேண்டும் என்று வாராவாரம் ட்ரெய்னிகளுக்குப் பாடம் எடுப்பவன். நன்றாக ஓடும் மெஷினுக்குப் பச்சைச் சீட்டு, மாற்ற வேண்டியதற்குச் சிவப்புச் சீட்டு என்று நூல் கட்டித் தொங்கவிடுவோம். கல்யாணமான புதிதில் என் மனைவி செல்வி, "அவருக்கு மெஷினோட பாஷையே தெரியும்" என்று பிறந்த வீட்டில் பெருமையடித்து வைத்திருந்தாள். (மனுஷ பாஷைதான் தகராறு என்பது அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.)

நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு ஒரு கீசரும் வந்தது. முதலில் உள்ளே கடகடவென்று உலை கொதிக்கிற சத்தம். அப்புறம் டீ நிறத்தில் தண்ணீர். அப்புறம் முதல் பக்கெட்டே வெதுவெதுப்பு. கடைசியில் அடியில் ஒழுகல். கம்பெனியாக இருந்தால் முதல் சத்தத்திலேயே சிவப்புச் சீட்டு மாட்டியிருப்பேன். வீட்டிலோ, ஒழுகும் இடத்தில் பசையை அப்பிவிட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பச்சைச் சீட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். கொழுப்புதான், வேறென்ன.

"ஏங்க, தம்பி நிச்சயத்துக்கு வர்றப்ப அப்பா இங்கதான் தங்கறாரு. அதுக்குள்ள புதுசு மாட்டிடுங்க. இந்தக் குளிர்ல அவருக்குச் சுடுதண்ணி இல்லாம முடியாது" என்றாள் செல்வி.

மாமனார் கல்லாவி கிராமத்தில் தக்காளிப் பயிர் போடுகிறவர். அதுவரை எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. மாப்பிள்ளை குடித்தனம் நடத்தும் லட்சணத்தை அவர் முதல்முறையாகப் பார்க்கப் போகிறார். ஆனாலும், "மாத்தணுமா வேணாமான்னு மெக்கானிக் வந்து பாத்துச் சொல்லட்டும். கீசர்ல வெந்நீர் சரியா வரலைன்னு சொல்லிவைக்கிறேன்" என்று தெருமுனை எலக்ட்ரிக் கடை மஞ்சுநாத்துக்குத் தகவல் கொடுத்தேன்.

மஞ்சுநாத் கன்னடக்காரர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு, கன்னடத்தில் 'இதியா' என்றால் 'இருக்கா' என்பது வரை தெரியும். அந்த அரைகுறைதான் கவிழ்த்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மெஷின் இரைச்சலுக்கு நடுவே போன் வந்தது. "சார், மஞ்சுநாத். பிஸி இதியா?"

பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டுமே என்று, "ஆமாங்க, பிஸி! பயங்கர பிஸி!" என்று கத்தினேன்.

"ஹாகாதரெ தொந்தரெ இல்லா சார்" என்று வைத்துவிட்டார். என்னைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லையாம்! எவ்வளவு தன்மையான மனுஷன் என்று நெகிழ்ந்துபோனேன்.

நாலு நாள் கழித்து மறுபடியும், "பிஸி இதியா சார்?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே பிஸிதான்."

"பஹள சந்தோஷ சார்!" என்றார். என் உழைப்பில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை, நான் கட்டிலில் படுத்திருக்கும்போது கேட்டார். பழக்க தோஷத்தில், "பிஸி கொஞ்சம்கூடக் குறையலைங்க" என்றேன். அதோடு அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நிச்சயத்தன்று காலை. மாமனார் இருந்த வெதுவெதுப்பில் குளித்து முடித்து, பாத்ரூமுக்குள்ளேயே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை உடுத்திக்கொண்டிருந்தார். உள்ளே தொபீரென்று ஒரு சத்தம். கீசரின் அடிப்பாகம் பெயர்ந்து, தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் துருவோடு அவர் தலையில் இறங்கியது. (அவர் உள்ளே போகும் முன்னாடியே ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.)

கதவைத் திறந்து வெளியே வந்தவர் உச்சி முதல் பாதம் வரை காவி நிறம். கையில் பச்சைச் சீட்டு.

"அப்பா! எப்ப சாமியாராப் போனீங்க?" என்று மச்சான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. செல்வி என்னைப் பார்த்த பார்வைக்கு நானே ஒரு சிவப்புச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அவள் என் போனைப் பிடுங்கி, "தண்ணி சுடவே இல்லைங்க, டேங்க் உடைஞ்சே போச்சு!" என்று மஞ்சுநாத்தை அழைத்தாள். பத்தே நிமிஷத்தில் வந்து நின்றார். "மூணு தடவ போன் பண்ணாரு, ஒரு தடவகூட வரலை" என்று நான் முந்திக்கொண்டேன்.

மாமனார் தலையைத் துவட்டியபடி அவரிடம் கன்னடத்தில் விசாரித்தார். தக்காளி லோடு ஏற்றிக் கர்நாடக மார்க்கெட்டுகளுக்குப் போய்ப் பழகியவராம். மஞ்சுநாத் என்னைச் சுட்டிக்காட்டி நியாயம் கேட்பது போல ஏதோ சொன்னார். மாமனாரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"மாப்ளே, கன்னடத்துல பிஸின்னா சூடு! தண்ணி சூடா வருதான்னு அவரு மூணு வாட்டி கேட்டிருக்காரு. பயங்கரச் சூடு, நாள் பூரா சூடு, கொஞ்சமும் குறையலைன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் அவரு எதுக்கு வரணும்?" சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "நல்லவேளை, நீங்க சொன்ன மாதிரி பிஸியா மட்டும் இருந்திருந்தா நான் வெந்திருப்பேன்!"

அவர் ஊரிலிருந்து உடுத்தி வந்த துணியைச் செல்வி முந்தின நாளே துவைத்துப் போட்டிருந்தாள். தை மாதக் குளிரில் அது காயவில்லை. என் வேட்டி சமாளித்தது, சட்டை எதுவும் அவர் உடம்புக்குப் பற்றவில்லை. கடைசியில் கம்பெனியில் எனக்கு அளவு தவறிக் கொடுத்த பெரிய டீ-ஷர்ட்தான் கைகொடுத்தது. சம்பந்திகளுக்கு முன்னால் அவர் தாம்பூலத் தட்டு மாற்றிய போட்டோவில், நெஞ்சில் எழுதியிருப்பது பளிச்சென்று தெரியும்: 'பழுதே இல்லாத கம்பெனி'.

அன்று மாலையே மஞ்சுநாத் புதுக் கீசர் மாட்டினார். மாமனாரே நின்று மாட்ட வைத்தார். இப்போது மாதம் ஒருமுறை வந்து தங்குகிறார்.

ஆனால் எனக்கு மட்டும் இந்த ஜென்மத்தில் பிஸியாக இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. போன வாரம்கூட அவர் கூப்பிட்டபோது, வாய் தவறி, "மாமா, கொஞ்சம் பிஸி" என்றுவிட்டேன்.

"அப்படியா மாப்ளே? ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தி வெளாவிக்கிட்டு, நிதானமா கூப்புடுங்க" என்றார்.