உன் வண்டியில் மிச்சமிருக்கும் சேஸிஸ் விஷயமாக

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். உன் அக்கா என்னைவிட நலம். அங்கே தங்கள் வேலை, உடம்பு, பல்வலி எல்லாம் சௌகரியமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன வருடம் மாற்றலாகிப் போகும்போது எங்கள் ஷெட்டில் தாங்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் தார்ப்பாயும் நலமே, ஒரு கிழிசல்கூட இல்லை. "அத்தான், வண்டி பத்திரம்" என்று சொன்ன வார்த்தை இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அந்த வண்டியின் சேஸிஸ் எனக்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சேஸிஸைக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் எதன்மேல் நிற்கும் என்று கேட்பாய். தம்பி, மற்றதெல்லாம் ஏற்கெனவே என் வண்டியில்தான் நிற்கிறது. பதறாதே, முதலிலிருந்து சொல்கிறேன்.

எடைமேடையில் முப்பத்தோரு வருடம் லாரிகளை நிறுத்தி எடை எழுதியவன் நான் என்பது உனக்குத் தெரியும். லாரி கேட்டுக்குள் திரும்பும்போதே இத்தனை டன் என்று சொல்லிவிடுவேன், மிஷின் அப்புறம்தான் சொல்லும். அத்தனை வருடத்தில் உன் அக்காவை ஒரு வெளியூர் கூட்டிப்போனதில்லை. ரிடையர் ஆனதும் என் டூரிங் வண்டியில் பின்னால் உட்கார வைத்து, பத்து நாள், மலைப்பாதை வழியாகக் கடல் வரைக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அவளும் அதை மறந்தபாடில்லை. வருகிற பதினைந்தாம் தேதி புறப்பாடு என்று முடிவாயிற்று. வண்டி பழசுதான், ஆனால் இரண்டு பக்கமும் பெட்டி வைத்த கம்பீரமான வண்டி. இடப்பக்கப் பெட்டி எனக்கு, வலப்பக்கப் பெட்டி அவளுக்கு என்று பாகப்பிரிவினையும் ஆயிற்று. அவள் பெட்டியைத் துடைத்துக் காகிதம் விரித்து வைத்திருக்கிறாள், அதில் ஒரு நூல்கண்டு வைக்கக்கூட எனக்கு அனுமதியில்லை. என் பெட்டியில் வழிக்கு வேண்டிய டூல்ஸை வைத்துக்கொண்டேன். பழைய வண்டி நடுவழியில் காலை வாரிவிட்டால் என்ன செய்வது?

போன மாதம் பாலம் வரைக்கும் வெள்ளோட்டம் போனோம். அறுபதைத் தொட்டதும் வண்டி இடப்பக்கம் இழுத்து, ஹேண்டில் மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டியது. உன் அக்கா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினாள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள், தெருவே வேடிக்கை பார்த்தது. "நீங்க ஓட்டுறதுல எனக்குப் பயமில்லை. வண்டி நீங்க சொல்றதைக் கேக்கல, அதான் பயம்" என்றாள். அதோடு விட்டாளா? எதிர்வீட்டுத் தையல்காரம்மா அதே பதினைந்தாம் தேதி பஸ் டூர் போகிறாராம், பக்கத்து சீட் காலியாம். பதினைந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் ஆட்டம் நின்றால் என் பின்னால், நிற்காவிட்டால் தையல்காரம்மா பக்கத்தில் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன், அமைதியாகச் சொன்னாள்.

தெருமுனை மெக்கானிக்கை உனக்குத் தெரியும். காலையில் கொடுத்த வண்டியை அடுத்த வாரம் திருப்பித் தருவதால் எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவார்களே, அவன்தான். பெட்டிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு சுற்று போய்வந்து, "ஆடவே இல்லையே சார்" என்றான். வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? "உனக்கு ஆடாதுப்பா, எனக்கு ஆடுது. மாத்து" என்றேன். "மாத்தப் பார்ட்ஸ் வேணுமே சார், இந்த மாடலே இப்ப வர்றதில்லையே" என்று கையை விரித்தான். அப்போதுதான் உன் வண்டி ஞாபகம் வந்தது. அதே மாடல், மூன்று வருடம் இளையது, சும்மா நிற்கிறது. முன்சக்கரத்தை மட்டும் இரவல் எடுத்தேன். ஒரு சக்கரத்துக்காக உன்னைத் தொந்தரவு பண்ணுவானேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சக்கரம் மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லை, கொஞ்சம் கூடிற்று. சரி என்று அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றினோம், இன்னும் கூடிற்று. பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், பேரிங், செயின், ஹேண்டில்பார் என்று இறங்கி, இறங்கினது இறங்கினோம் என்று எஞ்சின் வரைக்கும் வந்துவிட்டோம். சீட்டையும் எடுத்தேன். அது ஆட்டத்துக்காக இல்லை, உன் சீட் மெத்தென்று இருக்கிறது, பத்து நாள் உட்காருகிறவளுக்கு இதமாக இருக்குமே என்றுதான். என் பழக்கம் உனக்குத் தெரியும், கழற்றியதைத் தூர எறியமாட்டேன். புதிதாக மாட்டியது ஒத்துவராவிட்டால் பழையதை நடுவழியிலேயே மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஆகவே பெட்டிக்குள் அடங்குவதையெல்லாம் பெயரெழுதிச் சீட்டுக் கட்டி என் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கூடிக்கொண்டே போயிற்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதே தம்பி, உன் வண்டிச் சாமான்கள் பார்க்கத்தான் பளபளப்பு.

நேற்று எக்ஸ்பிரஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "இனிமே சேஸிஸ்தான் சார் பாக்கி. அதுல நம்பர் அடிச்சிருக்கும், ஓனரைக் கேக்காம தொடமாட்டேன். அதுவும் போக, அதையும் எடுத்துட்டா ஓடுறது உங்க மச்சினர் வண்டிதான், உங்க வண்டி இல்ல" என்றான். வக்கீலுக்குப் படித்துவிட்டு ஸ்பேனர் பிடிக்கிறான் போலிருக்கிறது. இருந்தாலும் பிறத்தியார் பொருளைச் சொல்லாமல் எடுக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சம்மதக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும்.

இன்றைக்குப் புதன். உன் அக்கா இரண்டு நாளாகப் பயணப் பேச்சையே எடுக்கவில்லை. மத்தியானம் தையல்காரம்மா வாசலில் நின்று, ஜன்னலோரம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பி, அவள் பின்னால் இல்லாமல் நான் மட்டும் கடலைப் பார்த்து என்ன செய்யப்போகிறேன்? பாதி வழியிலேயே திரும்பிவிடுவேன்.

உனக்கும் வீட்டாருக்கும் எங்கள் ஆசிகள். குழந்தைகளை நான் கேட்டதாகச் சொல். பல்வலி விடாவிட்டால் யோசிக்காமல் பல்லை மாற்றிவிடு.

இப்படிக்கு,
உன் வண்டியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவரும்
அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போய்த் திரும்பினால், உன் அக்கா என் பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக வராந்தாவில் இறக்கிக்கொண்டிருந்தாள். "என் துணி மொத்தமும் என் பெட்டில அடங்காது. உங்க பெட்டில ஒரு மூலை விடுங்க" என்றாள். "பஸ்ஸுக்குப் போகலையா?" என்றேன். "வரலைன்னு இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன். அறுபதுலதானே ஆடுது? நாப்பதுல போவோம், கடல் எங்கயும் ஓடிடாது. வண்டில எல்லாத்தையும் மாத்திட்டீங்க, பின்னாடி உக்கார்ற ஆளை மட்டும் மாத்தல. அதுக்காக வர்றேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு வராந்தாவைப் பார்த்தேன். ஸ்பேனர் செட், சுத்தியல், பழைய செயின், இரண்டு டிஸ்க், பேரிங், சீட்டுக் கட்டிய இன்னும் ஒரு குவியல். பார்த்ததுமே எடை தெரிந்துவிட்டது. இடப்பக்கம் இருபத்தெட்டு கிலோ. வலப்பக்கம் ஒரு காகிதம்.

வெறும் பெட்டிகளோடு பாலம் வரைக்கும் போய்வந்தேன். எண்பதில்கூட ஹேண்டில் அசையவில்லை. "ஊர்ல இருக்கற லாரியெல்லாம் எடை போட்டீங்களே, முப்பத்தோரு வருஷம்" என்று மட்டும் உன் அக்கா சொன்னாள், சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். ஒரே ஒரு ஸ்பேனராவது எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். வாங்கித் தன் பெட்டியில் காகிதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எக்ஸ்பிரஸ்ஸிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதே. உன் சாமான்களைத் திருப்பி மாட்ட ஒரு வாரம் ஆகும் என்கிறான், அவன் வாரம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஆகவே இப்போதைக்கு உன் வண்டியில்தான் கடலுக்குப் போகிறோம், நம்பர் மட்டும் என்னுடையது. மேலே கேட்ட சேஸிஸ் வேண்டாம். அது உன்னுடையது, நீ விட்டுப்போன இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது, தார்ப்பாய் போர்த்தியிருக்கிறேன்.