மீசையில் இறங்கிய துரை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வேலையிலாவது முதல் நாள் லேசாக வெற்றி கிடைத்துவிட்டால், மறுநாளே அதில் நிபுணி ஆகிவிடுவேன். ரவா தோசை, ஆற்று நீச்சல், பக்கத்து வீட்டு ஸ்கூட்டி எனப் பல இடங்களில் இந்த வியாதி என்னைக் கவிழ்த்திருக்கிறது. என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது கிளிப் பயிற்சியில்தான்.

துரை எங்கள் வீட்டுக் காக்கட்டீல் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டை. (பெயர் வந்தது அந்தக் கொண்டையால். நடையும் அதற்கேற்ற நடைதான்.) மூன்று வயதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பார்வை முழுதாகப் போய்விட்டது. அதன்பிறகு கூண்டுக் கம்பியை விட்டு நகராமல் தின்று தின்று பலாக்கொட்டை போல ஆகிவிட்டது. இப்படியே விட்டால் ஈரல் கெட்டுவிடும், தினமும் பறக்க வையுங்கள் என்றார் கால்நடை மருத்துவர்.

"கண்ணு தெரியாதத எப்படிங்க பறக்க வைக்கிறது?" என்று அப்பா கேட்டார்.

"அத நான் பாத்துக்கறேம்ப்பா" என்றேன். அதுவரை நான் பழக்கிய ஒரே உயிர் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி. அதுவும் என்னைத்தான் பழக்கியிருந்தது.

ஆனால் வேலை சுலபமாகவே வந்தது. தொடுவதற்கு முன் குரல் கொடுப்பேன், வயிற்றில் விரலை வைத்து "ஏறு" என்பேன், துரை விரலில் ஏறிவிடும். கையை மெல்லத் தாழ்த்தினால் விழாமலிருக்கச் சிறகடிக்கும். அடுத்து, சத்தம் வரும் திசைக்குப் பறந்து வரப் பழக்க வேண்டும். இதற்கு 'டிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி ஒன்று வேண்டும் என்று யூடியூபில் ஒரு வெளிநாட்டு அம்மாள் சொன்னாள். திருத்துறைப்பூண்டிக் கடைகளில் கேட்டால் கேஸ் லைட்டரை எடுத்து நீட்டினார்கள்.

அப்போதுதான் என் மூளை மின்னியது. வீடு நிறைய நெல் இருக்கிறதே! நன்றாகக் காய்ந்த நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டிக்' என்று முறியும். (ஈரநெல் சத்தமில்லாமல் நசுங்கும். காய்ச்சல் பதம் பார்க்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்.) விரலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு ஒரு நெல்லைக் கடிப்பேன். துரை பறந்து வந்து விரலில் உட்காரும். கடித்த அரிசி அதற்குச் சம்பளம். முதலில் ஒரு சாண் தூரம், பிறகு ஒரு முழம், மூன்றே மாதத்தில் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. துரை இளைத்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

"கல்யாணம் ஆகப்போற பொண்ணு, எந்நேரமும் எலி மாதிரி நெல்லக் கொறிச்சிக்கிட்டு!" என்று அம்மா புலம்பினாள்.

கல்யாணப் பேச்சு உண்மையிலேயே வந்திருந்தது. மாப்பிள்ளை கார்த்தி, சீர்காழிப் பக்கம். சிங்கப்பூரில் வேலை. மூன்று வாரமாகப் போனில் பேசியதில் எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய அப்பா. கொஞ்சம் முறைப்பான மனுஷர், முகம் கோணினால் அவ்வளவுதான் என்று கார்த்தியே எச்சரித்திருந்தார்.

பெண் பார்க்க வரும் நாளில் துரையைப் பின்கட்டில் அடைக்கச் சொன்னாள் அம்மா. நான் மறுத்துவிட்டேன். என் சாதனையைக் கார்த்தி பார்க்க வேண்டாமா? "என்னத் தவிர யாருகிட்டயும் போவாதும்மா. அது என் பயிற்சி" என்று கூண்டைத் திறந்தே வைத்தேன். மூன்று மாதத்தில் ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை: இந்தக் காவிரிப் படுகையில் நெல்லைக் கையில் கொடுத்தால் கடித்துப் பார்க்காத விவசாயி எவர்?

வந்தார்கள். கார்த்தியின் அப்பாவுக்கு முறுக்கிவிட்ட பெரிய மீசை. கேசரி வந்தும் முகத்தில் சிரிப்பில்லை. பேச்சு ஓடவில்லை என்று தவித்த அப்பா, எல்லா விவசாயியும் கடைசியில் வந்து சேரும் இடத்துக்கு வந்தார்.

"இந்த வருஷம் மாப்பிள்ளைச் சம்பா போட்டேங்க. மணியப் பாருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வந்து நீட்டினார்.

நான் காபித் தட்டோடு கூடத்தில் நுழைந்தேன். கார்த்தியின் அப்பா ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டார்.

'டிக்.'

கூண்டுக்குள் கொண்டை நிமிர்ந்தது. அடுத்த நொடி, துரை அம்பாகக் கிளம்பி அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாக அங்கே என் விரல் நீட்டிக்கொண்டிருக்கும். அன்று விரல் இல்லை, மீசை இருந்தது. துரை அதை இரண்டு காலாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சம்பளத்துக்காக அவர் உதட்டைத் தட்டியது.

"அய்யோ, அசையாதீங்க!" என்று கத்தினேன். கையில் காபித் தட்டு. "இதப் பிடிங்க" என்று கார்த்தியிடம் கொடுத்தேன். (நேரில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.) வருங்கால மாமனாரின் மூக்குக்கடியில் ஆட்காட்டி விரலை நீட்டி, இரண்டு வீட்டார் முன்னிலையில், "ஏறு... ஏறுடா தொரை... ஏறு" என்று கெஞ்சினேன். அது ஏறுமா? சம்பளம் வாங்காமல் வேலையை முடித்த பழக்கம் அதற்கில்லை. அப்படிப் பழக்கியதும் இதே நிபுணிதான்.

வேறு வழியில்லை. "மாமா, வாயில இருக்கிற அரிசிய அதுகிட்ட குடுத்துருங்க. வாங்காம அது போவாது" என்றேன். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக நாக்கை நீட்டினார். துரை தடவிப் பார்த்து அரிசியை எடுத்தது, நிதானமாகத் தின்றது, பிறகு மரியாதையாக என் விரலுக்கு மாறியது.

என் கல்யாணம் கவிழ்ந்துபோனது என்றே நினைத்தேன்.

அவர் துண்டால் மீசையைத் துடைத்தார். துரையின் வெளுத்த கண்களைக் குனிந்து பார்த்தார்.

"கண்ணு தெரியாதா இதுக்கு?"

"தெரியாதுங்க மாமா. சத்தத்துக்குத்தான் வரும்."

"நீயா பழக்குன?"

தலையாட்டினேன். அந்த ஒரு நாள்தான் நான் நிபுணி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "நெல்லு நல்லா காஞ்சிருக்குங்க" என்றார். பிறகு, காபித் தட்டோடு சிலையாக நின்ற மகனைப் பார்த்தார். "எங்க வீட்டுல கண்ணு தெரியறதெல்லாம் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. இது கேக்குது. பொண்ணு வரட்டும். இதயும் கூட்டிக்கிட்டு வரட்டும்."

ஏழு வருடம் ஆகிறது. துரையும் நானும் சீர்காழிப் பக்கத்து ஆட்களாகிவிட்டோம். எங்கள் வீட்டில் இப்போது யார் நெல்லைக் கடித்தாலும், மாமனார் முதல் களத்தில் வேலை செய்பவர்கள் வரை, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கடிப்பார்கள். போன மாசியில் புதிதாக வந்த நெல் வியாபாரி இதைப் பார்த்து மிரண்டுபோய், "ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று கேட்டார்.

"கடிச்சிப் பாருங்க, தெரியும்" என்றார் மாமா, மீசையைத் தடவிக்கொண்டே.