பெட்டிக்குள் என் பெயர்

எங்கள் மினசோட்டா தேவாலயத்தின் சமையல் புத்தகத்தில் இந்த முறை என் பெயர் வந்தே தீர வேண்டும் என்று சபதம் எடுத்தேன். போன முறையும் அச்சு வேலை முழுக்க என்னுடையதுதான். நன்றி என்னவோ காபி இயந்திரம் கொடுத்தவருக்குப் போனது.

தொகுப்பாசிரியை என் மனைவி ஆர்டிஸ். அவள் குறிப்புகளைச் சாதாரண எழுத்தில் தட்டச்சு செய்து கொடுப்பாள். என் கணினி அதை அழகான அச்சுப் பக்கமாக்கும். அதற்கு நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தேன். மூன்று ஆச்சரியக்குறி போட்டு ‘சூடு’ என்று எழுதினால் போதும். பக்கத்தில் சிவப்புப் பெட்டி முளைத்து, ‘தட்டு சுடும், கையுறை போடவும்’ என்று முழு எச்சரிக்கையும் வந்து உட்காரும்.

ஆர்டிஸுக்கும் கற்றுக்கொடுத்தேன், கொஞ்சம் அலட்டலோடு.

"ஒரு பேர் வை. பெட்டிக்குள்ள என்ன வரணுமோ அதைத் தனிக் கோப்புல ஒரே தடவை எழுது. அப்புறம் பேரைச் சொன்னா போதும், மிச்சத்தை அது பாத்துக்கும்."

"யார் பேர் வேணும்னாலும் வைக்கலாமா?"

"தாராளமா."

"அப்ப உன் பேரையே வைக்கிறேன். பாவம், எத்தனை நாளா ஏங்கற."

அன்று, கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் தட்டைக் கழுவும் முறை என்னுடையது. அடிப்பிடித்திருந்தது. முப்பது வருஷ வழக்கப்படி, "ஊறட்டும்" என்று தொட்டியில் போட்டுவிட்டு, ஆர்டிஸ் தட்டச்சு செய்ததைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஊறியதைக் கடைசியில் கழுவுவது எப்போதும் ஆர்டிஸ்தான்.

தொண்ணூற்றாறு குறிப்புகள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘!!! ஹால்வர்’. என் பெயருக்கு மும்மூன்று ஆச்சரியக்குறி! அச்சுப் பக்கத்தைப் பார்த்துத் திருத்துகிறவன் கற்றுக்குட்டி. என்னைப் போன்ற பழம் தின்று கொட்டை போட்டவனுக்குத் தட்டச்சு செய்த எழுத்தைப் பார்த்தாலே போதும். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. புத்தகத்தைப் புரட்டியவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானும் ஒரு பிரதியைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நீலப் பெட்டி:

‘தட்டு அடிப்பிடித்ததா? ஊறப்போட வேண்டாம். ஹால்வரைக் கூப்பிடுங்கள், உடனே கழுவித் தருவார்.’

கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்.

"ஆர்டிஸ், என்ன இது?"

"நீதானே சொன்ன, பேரைச் சொன்னா போதும், மிச்சத்தை அது பாத்துக்கும்னு."

அதற்குள் போதகரின் மனைவி ஆறு தட்டுகளோடு எதிரே வந்து நின்றார்.

"ஊறட்டுமே," என்றேன் ஈனஸ்வரத்தில்.

"ஊறப்போட வேண்டாம்னு உங்க பேர் போட்டே அச்சடிச்சிருக்கே," என்றார்.