மேலே ஏற மறுத்த ஹெலிகாப்டர்

விசையைக் கூட்டக் கூட்ட, ஹெலிகாப்டர் தரையை அமுக்கியது. கால்கள் இரண்டும் அகன்று, வயிறு சிமெண்டில் உரசியது. மருந்துக்கடை அக்கா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அது பறந்தாக வேண்டும்.

தம்பி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவனுக்குப் பைலட் என்றே பெயர். ஞாயிறு தவறாமல் இந்த ரிமோட் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் அவன் மனைவி, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணி, அவரு பறக்கவிட்ட இடத்துலயே ஒரே ஒரு தடவை விடுங்க. நான் பாத்ததே இல்ல. நீ வந்தா கவனம் சிதறும்னுடுவாரு."

தலையாட்டிவிட்டு வந்த அக்காவுக்கு, காய்ச்சலுக்கும் இருமலுக்கும்தான் மருந்து தெரியும்.

முதலில் அது வெறுமனே நடுங்கியது. சுற்றும்போது ஒரு இறக்கை உயரமாகப் போவதைப் பார்த்து, அதன் சாய்வைத் திருகிக் குறைத்தாள். இப்போது மற்றது உயர்ந்தது. அதையும் குறைத்தாள். அப்படியே மாற்றி மாற்றி அரைநாள். இரண்டும் சமமானபோது, வண்டி பூமிக்குள் போகப் பார்த்தது.

ஹெலிகாப்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"ரெக்கை காத்தைக் கீழ தள்ளணும்மா. தள்ளுற தள்ளுலதான் வண்டி மேல ஏறும். நீங்க குறைச்சுக் குறைச்சு, சாய்வே தலைகீழாப் போயிடுச்சு. இப்போ அது காத்தை மேல தள்ளுது."

"அப்போ வண்டி நல்லாத்தான் வேலை செய்யுதா?"

"பிரமாதமா. கீழ்நோக்கி."

சாய்வைத் திருப்பி வைத்தாள். மறுபடி நடுக்கம். இரண்டு இறக்கைகளையும் கழற்றி மருந்துத் தராசில் நிறுத்தாள். ஒன்று ஒரு கிராம் குறைவு. எடை குறைந்ததன் நுனியில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினாள். முடுக்கியதும் பிளாஸ்திரி பிய்த்துக்கொண்டு பறந்து அவள் கன்னத்திலேயே அறைந்து ஒட்டியது.

"வெட்டின ஓரம் காத்துக்கு எதிர்ல இருந்தா உரிச்சுடும்மா. முன்பக்கத்தைச் சுத்தி ஒட்டுங்க," என்றார் கடைக்காரர் மறுபடி போனில்.

ஒட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் இரண்டு இறக்கைகளும் ஒரே தட்டாகச் சுழன்றன. பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரில் அலைகூட இல்லை.

காலையில் மைதானத்தில் புல்வெட்டுபவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். தம்பி மனைவி கைகளைப் பிசைந்தபடி நின்றாள்.

ஹெலிகாப்டர் எழும்பியது. முழங்கால், இடுப்பு, தலை உயரம். ஆடாமல் அசையாமல் அங்கேயே நின்றது.

"இப்படித்தான் விட்டிருப்பாரு, இல்ல அண்ணி?" என்றாள் அவள். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியில், அக்காவின் கட்டைவிரல் பிசகியது. மூக்கு கவிழ்ந்தது. வண்டி சரிந்து விழுந்து, இறக்கைகள் சுள்ளியாக முறிந்தன.

அக்கா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருஷம் அவன் ஒரு கீறல் இல்லாம வெச்சிருந்ததை அரை நிமிஷத்துல நொறுக்கிட்டேனேம்மா. அவன் கை எங்க, என் கை எங்க!"

"விடுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

தூரத்தில் விழுந்த இறக்கைத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு புல்வெட்டுபவர் வந்தார். அதை இரண்டு கைகளாலும் அக்காவிடம் நீட்டினார்.

"எதுக்குங்க அழறீங்க? ஐயா வாராவாரம் கொண்டாந்து வைப்பாரு, முடுக்குவாரு, அது கிடந்து நடுங்கும், தொடச்சு எடுத்துட்டுப் போயிடுவாரு. மூணு வருஷத்துல இன்னைக்குத்தாங்க இது தரையை விட்டு எழும்பியே பாக்குறேன்!"