லாக்கைப் படிக்க முடியவில்லை

ஒன்பதாவது தடவையாகத் திரை சிவந்தது. 'லாக்கைப் படிக்க முடியவில்லை. சர்வர் நிலை: அபாயம்' என்றது. கோபிநாத் அடுத்த அறைக்குப் போய்ச் சர்வரைத் தொட்டுப் பார்த்தான். அது வெதுவெதுப்பாக, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

உப்பளம் என்ற பகுதியிலிருந்த அந்தச் சிறிய அலுவலகம், மீனவர்களின் போனுக்குக் கடல் நிலவரம் அனுப்பிவந்தது. சர்வர் தான் செய்கிற வேலைகளை எல்லாம் லாக் என்ற குறிப்பேட்டில் எழுதிவைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன புரோகிராம் அதைத் திறந்து படித்து, எல்லாம் சரியென்றால் பச்சை காட்டும், சரியில்லை என்றாலோ படிக்கவே முடியவில்லை என்றாலோ சிவப்பு. சிவந்தால் செய்திகள் நின்றுவிடும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கோபிநாத்தான் ஊர் ஊராகப் போன் போட வேண்டும்.

"என்னா தம்பி, காலையில செத்துப்போச்சுன்னீங்க, மத்தியானம் பொழச்சிடுச்சுன்னீங்க. இப்ப திரும்பவும் செத்துப்போச்சா?" என்று போனில் கேட்டார் கனகசெட்டிக்குளத்து மீனவர் முருகையன்.

"லாக்கத் தொறந்து வச்சு கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன். யாரோ வெளயாடுறாங்க."

யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான சங்கவிதான். அவன் பக்கத்தில் போனால் திரையை மாற்றிவிடுகிறாள். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது பாதி விலைச் சுடிதார் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மண் தூவத்தான் சுடிதார் என்று புரிந்துகொண்டான். அவன் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனால் பச்சை வருவதும், திரும்பி வந்து உட்கார்ந்தால் சிவப்பதும் தற்செயலா என்ன?

முதலில் அவளுடைய பாஸ்வேர்டைப் பிடுங்கினான். அப்படியும் சிவந்தது. அதுவரை அவ்வப்போது திறந்து பார்த்த லாக்கை, காலையில் வந்ததும் திறந்து, சாப்பிடப் போகும் நேரம் தவிர, சாயங்காலம்வரை வைத்திருந்தான். அந்த நேரம் முழுக்கச் சிவந்தது. ஒரு கண் போதாதென்று மேனேஜர் தட்சிணாமூர்த்தியின் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்திலும் சிவந்தது.

இதற்கிடையே அரியாங்குப்பத்தில் மைத்துனி கல்யாணம். கோபிநாத் இரண்டு கம்ப்யூட்டரிலும் லாக்கை மூடிவிட்டு இரண்டு நாள் லீவு போட்டான். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு நாளும் ஒரு சிவப்புகூட இல்லை.

நான் இல்லாத நேரத்தில் அடக்கி வாசித்திருக்கிறாள், எவ்வளவு கெட்டிக்காரி என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினான்.

தட்சிணாமூர்த்தி சங்கவியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் அழவில்லை. "நான் எதையும் தொடல சார். தொடறதுக்கு எங்கிட்ட பாஸ்வேர்டே இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்வேர்டு இல்லாமலே செய்திருக்கிறாளே என்று கோபிநாத் இன்னும் மிரண்டான்.

அந்த நேரம் பார்த்து முருகையன் உள்ளே வந்தார். நேரில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போக பஸ் ஏறி வந்திருந்தார். மேனேஜர் அவரை உட்காரவைத்து, கோளாறு செய்த ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, இனிமேல் நிலவரம் ஒழுங்காக வரும் என்று சொல்லிச் சங்கவியைக் காட்டினார்.

முருகையன் அவளைப் பார்த்தார். பிறகு கோபிநாத்தைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ண நான் இன்னிக்குத்தான் பாக்குறேன் சார். தெனம் போன்ல, லாக்கத் தொறந்து வச்சிருக்கேன், சர்வர் செத்துக் கெடக்குன்னு சொல்றது இந்தத் தம்பிதான். இவரு கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன ரெண்டு நாளும் நெலவரம் டாண்ணு வந்துது. கொஞ்சம் அத மூடி வைக்கச் சொல்லுங்களேன், நாங்க கடலுக்குப் போவணும்."