பெண் பார்க்கப் போன இடத்தில் உண்ட மயக்கம்

சோறு என்றால் தெம்பு என்று நம்பி வளர்ந்தவன் நான். களைப்பாக இருந்தால் இன்னொரு கரண்டி, பரீட்சை என்றால் இன்னொரு கரண்டி, காய்ச்சல் விட்டால் தட்டு நிறைய. சாப்பிட்ட பிறகு கண் சொருகுவதற்கும் அந்தச் சோற்றுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. (தூக்கம் வந்தால், ‘பாவம், சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது’ என்பார்கள்.) அந்த நம்பிக்கையோடுதான் எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் புறப்பட்டேன்.

பெண் மல்லிகா. எனக்கு வீடு தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில், குமாஸ்தா வேலை கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தில். அவளுக்கு வீடு அக்கரைப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில், டைப்பிஸ்ட் வேலை ஜார்ஜ்டவுனில். காலையில் ஃபெரியிலிருந்து அவள் இறங்குவாள், நான் ஏறுவேன். மாலையில் நான் இறங்குவேன், அவள் ஏறுவாள். இந்த லட்சணத்தில் எங்கே பேசுவது? அக்காவிடம் கெஞ்சி ஆள் விட்டுக் கேட்கச் சொன்னேன். வரச் சொன்னார்கள். ஆனால் கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. மல்லிகாவின் அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் அசருகிறவனை மனிதனாகவே மதிக்கமாட்டார். எனக்கு முன்னால் வந்த மாப்பிள்ளை ஒரு கொட்டாவி விட்டான் என்பதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டிருந்தான்.

“அங்க போயி அள்ளி அள்ளித் தின்னா, பஞ்சத்துல அடிபட்டவன்னு நெனப்பாங்க. இங்கயே நல்லா பசியாறிட்டுப் போலாம். பேசறதுக்குத் தெம்பு வேணும்” என்றாள் அக்கா. நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பொட்டலம் உள்ளே போனது. பட்டர்வொர்த்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அத்தான், அதாவது அக்காவின் கணவர், பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். பெண் வீட்டில் அரிசிச் சேமியாவில் செய்த மீகூன், கேசரி, சிவப்பாக ஒரு சிராப் தண்ணீர், அதற்குப் பிறகு ‘சாப்பாடு’. (மீகூனும் ரொட்டியும் எங்கள் கணக்கில் சாப்பாட்டில் சேராது.) போதும் என்று கை காட்டினேன். மல்லிகாவின் அம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சோறு வைத்தார். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு.

பிறகு அவளுடைய அப்பா என்னை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வெயில் பட்டால் தானாகக் கறுக்கும் மூக்குக் கண்ணாடி அப்போது பெரிய நாகரிகம். அத்தானிடம் கடன் வாங்கிய அது என் முகத்தில் கறுத்துப்போய் இருந்தது. “தம்பி, நான் பிறாய் ஸ்டேஷன்ல இருந்தப்போ...” என்று அவர் ஆரம்பித்தார். நான் மரியாதையாகத் தலையாட்டினேன். அதுவரை நினைவிருக்கிறது.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“இந்தக் காலத்துல யாரு தம்பி ஒரு பேச்சு மறு பேச்சு இல்லாம சரின்னு சொல்லுவா? பெரிய மனசு உங்களுக்கு” என்றார்.

நான் எதற்குச் சரி சொன்னேன்? அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சம்பந்தம் பேசி முடிந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்டால் தூங்கியது தெரிந்துவிடும், தெரிந்தால் மல்லிகா இல்லை. மூடிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தான் கேட்டார், “பயமா இல்லையாடா?”

“எதுக்கு, அத்தான்?”

“ஆளப் பாரு. எதுக்குன்னு கேக்குறான்” என்று அக்காவிடம் பெருமையோடு சொன்னார்.

அடுத்த சில நாட்கள் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போக ஒத்துக்கொண்டேனா? அப்படியென்றால் அக்கா ஏன் மீன் வாங்குவதை நிறுத்தினாள்? சாமியாராகப் போகிறேனா? அப்படியென்றால் கல்யாணம் எதற்கு? பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “தாங்கும்” என்றார்.

பொறுக்க முடியாமல் ஒரு மாலை ஃபெரியிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றேன். மல்லிகா ஏறினாள். அவளோடு பேசுவது அதுதான் முதல் தடவை. என்னென்னவோ பேசவேண்டும் என்று நினைத்திருந்த வாய் கேட்டது இதை: “நான் ஒங்க அப்பாகிட்ட எதுக்குச் சரின்னு சொன்னேன்?”

“தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்குறதுக்கு” என்றாள். “எனக்குக் கல்யாணம் அமைஞ்சா மாப்பிள்ள தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பாருன்னு அப்பா வேண்டிக்கிட்டாரு. கொட்டாவி விட்டவரு போக, வந்த மத்தவங்கள்லாம் யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டாங்க. நீங்கதான் கேக்கக் கேக்கத் தலையாட்டினீங்க.”

ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைக் காட்டினாலே நாற்காலியோடு சாய்கிற ஆள் நான். ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“மல்லிகா, நான் தூங்கிட்டேன்.”

“தெரியும். காப்பி கொண்டாந்தப்போ கண்ணாடிக்குப் பக்கவாட்டுல பாத்தேன். ‘தூங்குறீங்களா’ன்னு மெதுவா கேட்டேன். அதுக்கும் தலையாட்டினீங்க.”

“எழுப்பியிருக்கலாமே?”

“எழுப்பினா துள்ளி எழுந்திருப்பீங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.” அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “நீங்களும் போயிருப்பீங்க.”

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறாள், பார்த்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறாள். “எடுத்துடறேன்” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

விரதம் தொடங்கியது. ஒரு வேளை சாப்பாடு, அதிலும் சோறு ஒரு கைப்பிடி, மீதியெல்லாம் காயும் பருப்பும். முதலில் தலைவலியும் எரிச்சலுமாகப் பார்த்தவர்களையெல்லாம் கடித்தேன். பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீசில் விழித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் ஃபைலில் நெற்றி வைப்பதைப் பார்த்தே பழகிய தலைமைக் குமாஸ்தா பக்கத்தில் வந்து, “ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா தம்பி?” என்று கவலையோடு விசாரித்தார். எனக்கும் குழப்பம்தான். சோறு குறைந்தால் தெம்பு போகவேண்டுமே, ஏன் வருகிறது?

காவடி எடுத்தேன். வலித்ததா என்று கேட்பவர்களுக்கு: அலகு குத்தும்வரை வலித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதைப் பக்தி என்று எல்லோரும் கும்பிட்டார்கள். முருகனுக்கு மட்டும் உண்மை தெரியும். மாமனார் மலை உச்சிவரை என் கூடவே நடந்து வந்தார்.

கல்யாணம் ஆனதும் சோறு பழையபடி குவிந்தது, தூக்கமும் திரும்பியது. பல வருஷம் கழித்துச் சர்க்கரை வியாதி வந்தபோதுதான் டாக்டர் விளக்கினார். சோறு, ரொட்டி, மீகூன், சிராப் எல்லாம் வயிற்றுக்குள் போனால் ஒரே ஜாதிதானாம். மொத்தமாக ஏறிய சர்க்கரையை உடம்பு அவசர அவசரமாக இறக்கும்போது சிலரையும் சேர்த்துத் தூக்கத்தில் இறக்கிவிடுமாம். அன்றிலிருந்து மல்லிகா எனக்குச் சோற்றைக் கிண்ணத்தில் அளந்துதான் போடுகிறாள்.

பிள்ளைகள் விடுவார்களா? என்னிடம் ஏதாவது சம்மதம் வாங்கவேண்டும் என்றால், அம்மாவுக்குத் தெரியாமல் முதலில் சாப்பாடு வாங்கி வருவார்கள். மகன் மோட்டார் சைக்கிள் வாங்கியது, மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனது, வீட்டுக்குப் பூனை வந்தது, எதற்கும் நான் சரி சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் சாட்சி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் மகள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாள். பின்னால் நெட்டையாக ஒரு பையன்.

“மொதல்ல சாப்பிடுங்கப்பா. அப்புறம் பேசலாம்” என்றாள்.

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பையனை எதிரே உட்காரச் சொல்லி, வேலை என்ன, வீடு எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தேன். எதைக் கேட்டாலும் மரியாதையாகத் தலையாட்டினான். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். யாரோ அவனுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டு அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.